மேக்னம் ரிவால்வர் தோட்டாவுக்கு எவ்வளவு கிரிம்ப் போடலாம்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பெரம்பூரில் காலை ஆறு மணி, ஹூஸ்டனில் முந்தின நாள் மாலை ஏழரை. அண்ணன் மகன் வீடியோ காலில் வந்தான். "சித்தப்பா, ஷூட்டிங் ரேஞ்சில் நாலாவது ஷாட்டுக்கு அப்புறம் சிலிண்டர் சுத்தவே இல்லை" என்றான். அவன் அனுப்பியிருந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். சுடாமல் மிச்சமிருந்த ஒரு தோட்டாவின் குண்டு பித்தளைக் கேஸை விட்டு முன்னால் நகர்ந்து, தோட்டாக்கள் உட்காரும் சிலிண்டரின் முகத்துக்கு வெளியே மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது. சிலிண்டர் சுழலும்போது அந்த மூக்கு துப்பாக்கியின் ஃபிரேமில் இடித்து நின்றுவிட்டது. தோட்டாக்கள் அவனே தயாரித்தவை. 357 மேக்னம் என்ற பலமான ரிவால்வர் தோட்டா, குண்டின் எடை 158 கிரெயின் (சுமார் 10 கிராம்).

கேஸின் வாயை மடக்கிக் குண்டைப் பூட்டுவதுதான் கிரிம்ப். அதைப் பற்றி அவன் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரைக்குத் தலைப்பு. நான் கிண்டி தொழிற்பேட்டையில் பிரஸ் டூல் செய்யக் கற்றுக்கொண்டு, பிறகு ஒஹையோவில் 17 வருடம் மெஷின் ஷாப்பில் வேலை பார்த்தவன். தோட்டா ரீலோடிங், அதாவது சுட்ட கேஸில் மறுபடி மருந்தும் குண்டும் ஏற்றுவது, அங்கேதான் பழகினேன். அவனுக்குப் போனில் சொன்னதை, புதிதாக ஆரம்பிக்கும் மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சட்டம். இதைச் சொல்லாமல் மேலே போக எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவில் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். துப்பாக்கி வைத்துக்கொள்ளும் லைசென்ஸ் கையில் இருந்தாலும் தயாரிப்புக்கு அது போதாது. ஆகவே சென்னையில் இருப்பவர்கள் இதை ஒரு தொழில்நுட்ப விஷயமாக வாசித்துக்கொள்ளுங்கள், வீட்டில் செய்து பார்க்க வேண்டாம். அமெரிக்காவில் சொந்த உபயோகத்துக்கு ரீலோட் செய்யத் தனி உரிமம் தேவையில்லை, விற்பதற்குத்தான் தேவை. ஆனால் நம் பிள்ளைகள் பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர்கள், செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் போன்ற விதிவிலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அங்குள்ள மத்திய சட்டம் தடை செய்கிறது. கிரீன் கார்டு வந்த பிறகு நிலைமை வேறு. "நண்பன் வைத்திருக்கிறானே" என்று நினைக்காமல், உங்கள் விசா என்ன என்று பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள்.

இன்னொன்று, ஊருக்கு வரும்போது ரேஞ்சுக்குக் கொண்டுபோன பையையே எடுத்து வராதீர்கள். ஜிப் ஓரத்தில் மாட்டிக்கொண்ட ஒரே ஒரு தோட்டா போதும், மீனம்பாக்கத்தில் போலீஸ் ஸ்டேஷன் வரை போகவேண்டி வரும். எனக்குக் காட்டலாம் என்று மாதிரித் தோட்டாகூடக் கொண்டுவர வேண்டாம் என்று அண்ணன் மகனிடம் சொல்லியிருக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருவோம். பித்தளைக் கேஸ், அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே மருந்து, வாயில் குண்டு. நான்கும் சேர்ந்ததுதான் தோட்டா. கேஸின் வாய் விளிம்பை உள்நோக்கி மடக்கி, குண்டின் இடுப்பில் இருக்கும் வளையப் பள்ளத்துக்குள் இறக்குவதைத்தான் கிரிம்ப் என்கிறோம். மேக்னம் ரிவால்வருக்குப் போடுவது ரோல் கிரிம்ப், அதாவது விளிம்பை உருட்டி மடக்குவது. 9 மி.மீ., 45 ஏசிபி போன்ற ஆட்டோமேட்டிக் பிஸ்டல் தோட்டாக்கள் கேஸ் வாயின் விளிம்பில்தான் துப்பாக்கியின் அறைக்குள் (தோட்டா உட்காரும் குழிக்குள்) நிற்கும். அந்த விளிம்பை உருட்டி மடக்கினால் நிற்க இடம் இல்லாமல் போய்விடும். ரிவால்வர் தோட்டா அடியில் வெளியே நீண்டிருக்கும் வளையமான ரிம்மில் நிற்பதால் நமக்கு அந்தக் கவலை இல்லை.

குண்டு ஏன் நகர்கிறது? மாநகரப் பேருந்தில் நின்றுகொண்டு போயிருப்பீர்கள். கண்டக்டர் விசில் கொடுத்ததும் டிரைவர் வெடுக்கென்று எடுக்கிறார். பஸ் முன்னால் போகிறது, கம்பியைப் பிடிக்காதவர் பின்னால் சாய்கிறார். அவரை யாரும் தள்ளவில்லை. அவர் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறார், பஸ்தான் நகர்ந்துவிட்டது. ரிவால்வரிலும் அதே கதைதான், திசை மட்டும் தலைகீழ். ஒரு தோட்டா வெடித்ததும் துப்பாக்கி பின்னால் உதைக்கிறது. சிலிண்டர் மற்ற தோட்டாக்களின் ரிம்மைப் பிடித்துப் பின்னுக்கு இழுக்கிறது. கேஸ் கூடவே போகிறது, கனமான குண்டு நின்ற இடத்திலேயே நிற்கப் பார்க்கிறது. ஒவ்வொரு ஷாட்டுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கேஸிலிருந்து வெளியே வருகிறது. உதை பலமாக இருந்தால், குண்டு கனமாக இருந்தால், துப்பாக்கி எடை குறைவாக இருந்தால் இந்த நகர்வு அதிகம். டைட்டானியம், ஸ்காண்டியம் கலந்த லேசான ரிவால்வர்களில் இது அடிக்கடி நடக்கும். எந்த வகைக் குண்டு கூடாது என்று துப்பாக்கியோடு வரும் கையேட்டிலேயே எழுதியிருப்பார்கள், அதை முதலில் படியுங்கள்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்திருக்கும் கைதான் கிரிம்ப் என்று தோன்றும். புதியவர்கள் எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள், அதனால்தான் பிரஸ்ஸில் மாட்டி கிரிம்ப் போடும் அச்சான டையை இன்னும் இன்னும் இறக்குகிறார்கள். உண்மையில் குண்டைப் பெரும்பகுதி பிடித்திருப்பது கேஸின் சுவர். குண்டைவிடக் கொஞ்சம் சிறிய துளையில் குண்டை அழுத்தி ஏற்றுகிறோம், பித்தளை விரிந்து, மீண்டும் சுருங்கப் பார்த்து, இறுகப் பிடிக்கிறது. நெக் டென்ஷன் என்பது இதுதான். பேரிங்கைப் பிரஸ் ஃபிட்டாக ஏற்றியவர்களுக்கு உடனே புரியும். கிரிம்ப் அந்தப் பிடிக்கு மேலே போடும் தாழ்ப்பாள். பிடி தளர்வாக இருக்கும் தோட்டாவுக்கு எவ்வளவு கிரிம்ப் போட்டாலும் அது குண்டை முழுசாக நிறுத்தாது.

ஆகவே கிரிம்ப் டையைத் தொடுவதற்கு முன்னால் மூன்று வேலை இருக்கிறது.

முதல் வேலை, கேஸ்களின் நீளத்தை ஒன்றாக்குவது. 357 மேக்னம் கேஸுக்கு அதிகபட்ச நீளம் 1.290 அங்குலம், அதாவது 32.77 மி.மீ. வெட்டிச் சமன் செய்யும் நீளமாக ரீலோடிங் கையேடுகள் 1.280 அங்குலம், சுமார் 32.5 மி.மீ. என்று கொடுக்கும். "ரிவால்வர் கேஸ் சுட்டால் பெரிதாக நீளாது, எதற்கு வெட்ட வேண்டும்?" என்று சொல்பவர்கள் உண்டு. நீளாது என்பது சரிதான். ஆனால் நாம் வெட்டுவது அதிகபட்சத்தைத் தாண்டிவிடும் என்பதற்காக இல்லை, எல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதற்காக.

இதைக் கணக்காகவே பாருங்கள். ரீலோடிங் டையின் மரை அங்குலத்துக்கு 14 சுற்று. ஒரு முழுச் சுற்று திருகினால் டை 1.81 மி.மீ. இறங்கும். எட்டில் ஒரு சுற்றுக்கு 0.23 மி.மீ. கிரிம்ப் செட் செய்யும்போது நாம் நகர்த்துவதே எட்டில் ஒன்று, பதினாறில் ஒன்று என்றுதான். இப்போது ஒரு கேஸ் மற்றதைவிட 0.23 மி.மீ. நீளம் என்று வையுங்கள். நீங்கள் டையைத் தொடவே இல்லை, ஆனால் அந்த ஒரு தோட்டாவுக்கு மட்டும் எட்டில் ஒரு சுற்று கூடுதலாக இறக்கியது போல கிரிம்ப் விழுகிறது. குட்டையான கேஸுக்கு அதே அளவு குறைகிறது. ஐம்பது கேஸில் பத்து இறுக்கம், பத்து தளர்வு என்று வந்தால், "எவ்வளவு கிரிம்ப்?" என்ற கேள்விக்கே அர்த்தம் கிடையாது. அண்ணன் மகன் கேஸ்களை அளக்கச் சொன்னேன். ஒரே டப்பாவில் 32.35 முதல் 32.70 வரை இருந்தது. அவன் ரேஞ்சில் பொறுக்கி எடுத்த, பல கம்பெனி கலந்த பித்தளை அது.

எனவே ஒரே கம்பெனிக் கேஸ்களைத் தனியாகப் பிரியுங்கள். டிஜிட்டல் வெர்னியரில் அளந்து, ரொம்பக் குட்டையானவற்றை ஒதுக்கிவிட்டு மற்றதை ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். ஒன்றுக்கொன்று 0.05 மி.மீ.க்குள் வந்தால் நல்ல வேலை. வெட்டிய பிறகு வாயின் உள்ளும் வெளியும் பிசிறு எடுக்க மறக்காதீர்கள். வாயில் மயிரிழைப் பிளவு தெரியும் கேஸைத் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

இரண்டாவது வேலை, நெக் டென்ஷன். கேஸைச் சைஸிங் டையில் சுருக்கிய பிறகு, எக்ஸ்பாண்டர் என்ற கம்பி உள்ளே போய் வாயைக் கொஞ்சம் விரிக்கும். அந்தக் கம்பியின் விட்டத்தை மைக்ரோமீட்டரில் அளந்து பாருங்கள். 357 ஜாக்கெட் குண்டின் (ஈயத்தின் மேல் செம்பு உறை போட்டது) விட்டம் 0.357 அங்குலம், 9.07 மி.மீ. எக்ஸ்பாண்டர் அதைவிட 0.05 முதல் 0.08 மி.மீ. குறைவாக இருக்க வேண்டும். குண்டின் விட்டத்துக்கே கிட்டத்தட்ட இருந்தால் பிடி போய்விடும். அதை மெல்லிய எமரி பேப்பரில் லேத்தில் கொடுத்துக் குறைக்கலாம், அல்லது டை செய்த கம்பெனியிடம் வேறு கேட்கலாம். கேஸ் பலமுறை சுட்டதாக இருந்தாலும் பிடி தளரும். வேலை செய்து கெட்டியான பித்தளை, சுருக்கினாலும் திரும்ப விரிந்துவிடும்.

மூன்றாவது, பெல். குண்டு நேராக உட்கார வாயைக் கொஞ்சம் மலர்த்துகிறோம். குண்டின் அடி விளிம்பு சாயாமல் நிற்கும் அளவு போதும். அதற்குமேல் மலர்த்துவது வீண், பித்தளையின் ஆயுளும் குறையும்.

இப்போது டம்மி. பிரைமரும் மருந்தும் இல்லாமல் மூன்று நான்கு தோட்டா செய்யுங்கள். செட்டிங் முழுவதையும் டம்மியில்தான் முடிக்க வேண்டும், உயிர்த் தோட்டாவில் டையைத் திருகிப் பார்ப்பது ஆபத்து. குண்டை ஏற்றுங்கள், கிரிம்ப் போடாதீர்கள். மொத்த நீளத்தை அளந்து குறித்துக்கொண்டு, குண்டின் மூக்கை மரப் பெஞ்சில் வைத்து இரண்டு கட்டைவிரலாலும் நன்றாக அழுத்துங்கள். மறுபடி அளங்கள். நீளம் மாறவில்லை என்றால் நெக் டென்ஷன் சரி. குண்டு உள்ளே இறங்கினால் இரண்டாவது வேலைக்குத் திரும்புங்கள். இந்தச் சோதனையில் தேறாமல் கிரிம்ப் டைக்குப் போகவே வேண்டாம். என் அனுபவத்தில் பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடுகிறது.

குண்டு எவ்வளவு ஆழத்தில் உட்கார வேண்டும்? கேஸின் விளிம்பு வளையப் பள்ளத்தின் நடுவில், அல்லது நடுவுக்குச் சற்று மேலே வர வேண்டும். 357க்கு மொத்த நீளம் 1.590 அங்குலத்தை, அதாவது 40.39 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. உங்கள் குண்டுக்குக் கையேடு சொல்லும் நீளம் இதைவிடக் குறைவாக இருக்கலாம், அதையே பின்பற்றுங்கள்.

ஏற்றுவதையும் கிரிம்ப் போடுவதையும் ஒரே டையில், ஒரே அழுத்தில் செய்யலாம் என்று டைப் பெட்டியில் எழுதியிருப்பார்கள். செய்யலாம்தான். ஆனால் புதியவர்கள் இரண்டையும் பிரித்துச் செய்வதையே நான் விரும்புவேன். ஒன்றாகச் செய்யும்போது விளிம்பு மடங்கத் தொடங்கிய பிறகும் குண்டு கீழே போய்க்கொண்டிருக்கும், ஈயம் சுரண்டப்படும், கேஸ் உப்பும். இரண்டாவது டை வாங்கப் பணமில்லை என்றால் முதலில் எல்லாக் குண்டையும் ஏற்றிவிட்டு, டைக்குள் குண்டை அழுத்தும் ஸ்டெம்மை மேலே தூக்கிவிட்டு, அதே டையை இறக்கி இரண்டாம் சுற்றில் கிரிம்ப் போடுங்கள். நேரம் இருமடங்கு ஆகும், ஆகட்டும்.

செட் செய்யும் முறை இது. குண்டு ஏற்றிய டம்மியை, கேஸின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரில் வைத்து, அதைத் தூக்கும் பிரஸ் தண்டான ரேமை முழுசாக மேலே ஏற்றுங்கள். டையைக் கையால் திருகி இறக்குங்கள், ஓர் இடத்தில் கேஸ் வாயில் முட்டி நிற்கும். ரேமைக் கீழே இறக்கி, டையை எட்டில் ஒரு சுற்று கீழே திருகுங்கள். ரேமை ஏற்றி இறக்கி, டம்மியை எடுத்து விளக்கு வெளிச்சத்தில் பாருங்கள். முதலில் பெல் மட்டும் நேராகியிருக்கும். 38 ஸ்பெஷல் போன்ற மென்மையான இலக்குத் தோட்டாவுக்கு இதற்குச் சற்று மேல் போனாலே போதும். மேக்னத்துக்குப் போதாது. அடுத்த எட்டில் ஒன்று. இப்போது விளிம்பு உள்ளே திரும்பத் தொடங்கும். இதற்குப் பிறகு பதினாறில் ஒன்றாக இறக்குங்கள்.

எங்கே நிறுத்துவது? விளிம்பின் நுனி பள்ளத்துக்குள் முழுவதும் மறைந்திருக்க வேண்டும், சுற்றிலும் ஒரே மாதிரி வட்டமான தோளாகத் தெரிய வேண்டும். விரல் நகத்தைக் குண்டிலிருந்து கேஸ் பக்கம் இழுத்துப் பாருங்கள். தட்டி நின்றால் விளிம்பு இன்னும் வெளியே இருக்கிறது, வழுக்கிக்கொண்டு ஏறினால் உள்ளே போய்விட்டது. அந்த இடம்தான் மேக்னத்துக்கு உறுதியான கிரிம்ப். நுனி பள்ளத்தின் சுவரைக் கடிக்க ஆரம்பிக்கும் முன் நிறுத்துங்கள். லிவரில் திடீரென்று கனம் கூடினால் அது கடிக்கத் தொடங்கிவிட்டது என்று கைக்கே தெரியும்.

அதிகமாகிவிட்டதற்கு அடையாளங்கள் உண்டு. வாய்க்குக் கீழே கேஸ் ஒரு மோதிரம் போல உப்பும். கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் வெர்னியரில் தெரியும். வாய்க்குச் சற்றுக் கீழே வெளி விட்டத்தைக் கிரிம்புக்கு முன்னும் பின்னும் அளந்தால், பின்னால் அளந்தது கூடியிருக்கக் கூடாது. உப்பிய தோட்டா அறைக்குள் முழுசாகப் போகாது. அதைவிட மோசமான ஒன்று வெளியே தெரியாது. அளவுக்கு மீறி நெருக்கும்போது பித்தளை கொஞ்சம் திரும்பி விரிகிறது, ஈயம் திரும்புவதில்லை. குண்டு மெலிந்து, கேஸ் சுவருக்கும் குண்டுக்கும் இடையே இருந்த பிடியே தளர்ந்துவிடும். இறுக்க இறுக்கக் குண்டு இன்னும் எளிதாக நகரும் விசித்திரம் இப்படித்தான் நடக்கிறது. அண்ணன் மகனின் தோட்டாக்களில் ஒன்றைச் குண்டைக் கழற்றும், சுத்தியல் மாதிரி இருக்கும் புல்லரில் தட்டிப் பிரிக்கச் சொன்னேன். குண்டின் இடுப்பு 8.99 மி.மீ. இருந்தது. தாழ்ப்பாளை இறுக்கியதில் கதவே வளைந்துவிட்டது.

குண்டு வகையைப் பார்த்து அளவு மாறும். ஜாக்கெட் குண்டின் பள்ளம் ஆழம் குறைவு, ஆனால் உறுதியானது. வார்த்த ஈயக் குண்டின் கிரிம்ப் பள்ளம் ஆழமானது, மடிப்பு தாராளமாக உள்ளே போகும். அதன் விட்டம் பெரும்பாலும் 0.358 அங்குலம் என்பதையும் நினைவில் வையுங்கள். செம்பு முலாம் பூசிய மலிவான குண்டுகளில் பலவற்றுக்குப் பள்ளமே கிடையாது. அழுத்தினால் முலாம் அறுந்துவிடும், ஆகவே முழு மேக்னம் வேகத்துக்கு அவற்றைப் பயன்படுத்தாதீர்கள்.

மருந்தும் ஒரு காரணம். எச்110, 296 போன்ற மெதுவாக எரியும் பந்து மருந்துகளுக்கு (உருண்டைத் துகள் மருந்துகளுக்கு) உறுதியான கிரிம்ப் கட்டாயம். குண்டு கொஞ்ச நேரம் எதிர்த்து நின்றால்தான் அந்த மருந்து அழுத்தம் கூடி ஒழுங்காகப் பற்றும். பிடி தளர்ந்தால் பிரைமரின் தள்ளலிலேயே குண்டு கிளம்பிவிடும், எரியாத மருந்துத் துகள் சிலிண்டரில் கொட்டும், சில சமயம் குண்டு குழாயிலேயே நின்றுவிடும். அப்படி நின்றது தெரியாமல் அடுத்ததைச் சுட்டால் குழாய் வெடிக்கும். சத்தம் வழக்கத்தைவிட மெதுவாகக் கேட்டால் உடனே நிறுத்துங்கள். பாதுகாப்பு என்று நினைத்து இந்த மருந்துகளின் அளவைக் கையேடு சொல்வதற்குக் கீழே குறைப்பதும் தவறு. நான் இங்கே மருந்து அளவு எதுவும் தரப்போவதில்லை. அச்சிட்ட, புதிய பதிப்புக் கையேட்டை வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்த எண்ணை நம்பாதீர்கள்.

கடைசியாக ரேஞ்ச் சோதனை. இது இல்லாமல் கிரிம்ப் சரி என்று யாரும் சொல்ல முடியாது, நானும் சொல்ல மாட்டேன். ஆறு தோட்டா எடுங்கள். ஒன்றின் அடியில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு, மொத்த நீளத்தை அளந்து எழுதுங்கள். ஆறையும் நிரப்பி, கோடு போட்டது கடைசியில் வரும்படி ஐந்தைச் சுடுங்கள். நிறுத்தி, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்துத் திறந்து, கோடு போட்டதை எடுத்து அளந்து பாருங்கள். அதையே திரும்பப் போட்டு இன்னொரு ஐந்து. மறுபடி அளங்கள். பத்து உதைக்குப் பிறகும் நீளம் அதே அளவில் இருந்தால் உங்கள் செட்டிங் சரி. வெர்னியர் காட்டும் ஓரிரு நூறில் ஒரு மி.மீ. வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம். பத்தில் ஒரு மி.மீ. கணக்கில் வளர்ந்தால் நெக் டென்ஷனை முதலில் பாருங்கள், கிரிம்பை அப்புறம். துப்பாக்கி மாறினால் சோதனையையும் திரும்பச் செய்ய வேண்டும். கனமான துப்பாக்கியில் அசையாத அதே தோட்டா, லேசான துப்பாக்கியில் நடந்துவிடும்.

நடுவில் சிலிண்டர் பூட்டிக்கொண்டால் பலம் போட்டுத் திறக்காதீர்கள், சுத்தியலும் வேண்டாம். குழாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு ரேஞ்ச் ஆபீசரைக் கூப்பிடுங்கள்.

அண்ணன் மகன் இரண்டு வாரம் எடுத்துக்கொண்டான். கேஸைப் பிரித்து, 32.45 மி.மீ.க்கு வெட்டி, எக்ஸ்பாண்டரை மாற்றி, கிரிம்ப் டையை முன்பு இருந்ததைவிட எட்டில் ஒரு சுற்று மேலே தூக்கினான். இறக்கவில்லை, தூக்கினான். நேற்று அவன் அனுப்பிய படத்தில் டப்பாவின் மேல் ஒட்டிய லேபிள் தெரிந்தது. தேதி, கேஸ் கம்பெனி, கேஸ் நீளம், டை செட்டிங், கீழே கோடு போட்ட தோட்டாவின் மூன்று அளவுகள்: 40.13, 40.14, 40.13.